ஊசிக்குக் கையை நீட்டுமுன் குரலை உயர்த்து!

உன் இரத்தத்துக்குள் மருந்து போகும் பாதையை யார் தீர்மானிப்பது? மருத்துவரா? நர்ஸா? அன்றைக்கு வார்டில் எந்தக் குழாய் கையிருப்பில் இருக்கிறதோ அதுவா? நீதான் தீர்மானிக்க வேண்டும்! சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு பிறந்து, இருமலோடு வளர்ந்து, ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் என்சைம் மாத்திரை விழுங்கப் பழகிய உனக்குத்தான் சொல்கிறேன். இந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் முதல் நாற்காலி உன்னுடையது. அதில் நிமிர்ந்து உட்கார்!

நீ படும் பாடு புதிதல்ல. சளியின் நிறம் மாறுகிறது. ஊதிப் பார்க்கும் சோதனையில் எண் இறங்குகிறது. இரண்டு வாரம் அட்மிஷன் என்கிறார்கள். முதல் நாள் முன்கையில் வென்ஃப்ளான் என்ற ஒரு சிறு குழாய். மூன்றாம் நாள் அது வீங்கிச் சிவந்து கழற்றப்படுகிறது. பிறகு மறு கை, பிறகு மணிக்கட்டு, பிறகு புறங்கை. பத்தாம் நாள் இரண்டு நர்ஸ்கள் உன் பாதத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, “நரம்பே கிடைக்கலையே கண்ணு” என்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்களும் பரிதாபத்தோடுதான் தேடுகிறார்கள். இரண்டு வாரம் ஓட வேண்டிய வீரியமான மருந்தை, சில நாள் மட்டுமே தாங்கும் சிறு குழாயில் ஏற்றிக்கொண்டிருப்பதுதான் குற்றம். ஆண்டுக்கு மூன்று முறை, நான்கு முறை அதையே திரும்பத் திரும்பச் செய்வது அதைவிடப் பெரிய குற்றம்.

இதில் கை வலிப்பது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. அடுத்த முறை இருமல் கூடும்போது நீ மறைக்கத் தொடங்குகிறாய். “நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்” என்று கிளினிக்கில் பொய் சொல்கிறாய். ஊசியை நினைத்து ஒரு வாரம் தள்ளிப்போடுகிறாய். அந்த ஒரு வாரத்தில் உன் நுரையீரல் என்ன இழக்கிறது தெரியுமா? இந்த நோயில் தொற்று முற்றிச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பழைய மூச்சுத் திறன் முழுதாகத் திரும்பவில்லை என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2010இல் சொன்னது. போனது போனதுதான். ஊசிப் பயம் என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகும் விஷயமில்லை இது. நல்ல பாதை ஒன்று இருந்தால் அந்தப் பயத்துக்கே வேலையில்லை. அந்தப் பாதையைக் கேட்டு வாங்கு என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உன் நோயை நீ நிமிர்ந்து பார். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர். என்ற ஒரு மரபணுவில் கோளாறு. அதனால் உயிரணுக்களின் வழியாக உப்பும் நீரும் சரியாகப் போய்வர முடியவில்லை. சளி பசைபோல இறுகுகிறது. அந்தச் சளிக்குள் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றில் பலவற்றை வாய்வழி மாத்திரை எட்டாது. டோப்ராமைசின், செஃப்டாசிடிம் என்று இரண்டு மருந்துகளைச் சேர்த்து இரத்தத்தில் ஏற்றினால்தான் அசையும். உன் உடம்பு சில மருந்துகளை மற்றவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. ஆகவே அளவும் கூடுதலாக வேண்டும்.

நியூயார்க்கில் டாரத்தி ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1938இல் இந்த நோயைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். 1950களில் இந்த நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்கவில்லை. இன்று? அமெரிக்காவில் இப்போது இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிப்பேர் அறுபது வயதை எட்டுவார்கள் என்பது அங்குள்ள நோயாளர் பதிவேட்டின் அண்மைக் கணிப்பு. எல்லா நாட்டிலும் அந்த நிலை வரவில்லை என்பது உண்மை. ஆனால் திசை அதுதான். நீயும் அந்தத் திசையில்தான் நடக்கிறாய்.

அப்படியானால் உன் சிரைகளும் அறுபது வயதுவரை உழைக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்றைய டோஸை எப்படியாவது ஏற்றிவிட்டால் போதும் என்று தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நாளை என்ற ஒன்று கண்ணில் படுவதில்லை. நாற்பதாவது வயதில் உனக்கு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். நுரையீரல் மாற்று தேவைப்படலாம். டோப்ராமைசின் போன்ற மருந்துகளைப் பல ஆண்டுகள் எடுத்ததால் சிறுநீரகம் களைத்து, டயாலிசிஸ் பேச்சுகூட வரலாம். டயாலிசிஸுக்குக் கையில் நல்ல சிரை வேண்டும். இருபது வயதில் எல்லாவற்றையும் குத்திக் கெடுத்துவிட்டால் அன்றைக்கு எங்கே போவாய்? நீ நீண்ட நாள் வாழப் போகிறவன். நீ நீண்ட நாள் வாழப் போகிறவள். அப்படி நம்புகிற ஆள் எப்படித் தேர்ந்தெடுப்பாரோ அப்படித் தேர்ந்தெடு!

இந்தக் குழாய்களுக்கு வழி பிறந்த கதையைக் கேள். 1929ஆம் ஆண்டுக் கோடைக்காலம். பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டே என்ற சிறு நகரம். அங்கிருந்த மருத்துவமனையில் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்று ஓர் இளம் மருத்துவர் பயிற்சியில் இருந்தார். கைச் சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை கொண்டுபோகலாம், மருந்தை நேராக அங்கே சேர்க்கலாம் என்று அவர் நம்பினார். இதயத்தைத் தொட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். மேலதிகாரி அனுமதி மறுத்துவிட்டார். அறுவைக் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த கெர்டா டிட்சன் என்ற நர்ஸ், “என் கையில் செய்யுங்கள்” என்று முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டுத் தன் கையிலேயே செய்துகொண்டார். இடது முழங்கை மடிப்பை மரக்கச் செய்து, சிரையைத் திறந்து, சிறுநீர்ப் பாதைக்கென்று செய்த குழாயை உள்ளே தள்ளினார். 65 சென்டிமீட்டர்! குழாய் உள்ளே இருக்கும்போதே படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையில் இருப்பதைப் படம் காட்டியது.

பாராட்டா கிடைத்தது? ஏளனம்தான் கிடைத்தது. இதய ஆராய்ச்சியை விட்டு, சிறுநீரியல் மருத்துவத்துக்கு ஒதுங்கினார். பின்னாளில் நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். 1956இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வந்தது. ஃபோர்ஸ்மன் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அந்த வாழ்க்கையை முன்மாதிரியாக உன்முன் நான் வைக்கமாட்டேன். அந்த ஒரு நாளின் துணிவை மட்டும் எடுத்துக்கொள். இன்று உன் கையில் பிக் லைன் என்ற நீண்ட குழாயைப் போட்டால், அதன் நுனி ஏறக்குறைய அதே வழியில் போய், அதே மேலறையின் வாசலில் நிற்கிறது. ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த வழி அது. அதைப் பற்றி நாலு கேள்வி கேட்க உனக்கு என்ன தயக்கம்? உன்னிடம் எதிர்பார்க்கப்படும் வீரம் கத்தியை எடுப்பதல்ல, வாயைத் திறப்பது மட்டுமே!

வாயைத் திறக்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்.

வென்ஃப்ளான் சில நாள் வேலைக்கு. அவசர இரவுக்கு அதுதான் கை கொடுக்கும். அதைத் தாண்டி அதில் சொல்ல ஒன்றுமில்லை. மிட்லைன் என்று ஒன்று இருக்கிறது. மேல்கைச் சிரையில் நுழைந்து அக்குளுக்கு முன்பே நின்றுவிடும் குழாய். இரண்டு வாரச் சிகிச்சை பலருக்கு இதிலேயே முடிந்துவிடும். ஆனால் எல்லா மருந்தையும் இதில் விட முடியாது. சிரையை அரிக்கும் மருந்துகளுக்கு இது ஆகாது.

பிக் லைன் நீளமானது. முழங்கைக்கு மேலே, உள்பக்கத்துச் சிரையில், அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போடுகிறார்கள். மரக்கும் ஊசி போதும். சில வாரம் முதல் சில மாதம்வரை நிற்கும். அதோடு வீட்டுக்குப் போகலாம், பாடம் படிக்கலாம், வேலை பார்க்கலாம், மருந்தை நீயே ஏற்றிக்கொள்ளலாம். முடிந்ததும் உருவிவிடலாம். இவ்வளவு நன்மையும் உண்மை. மறுபக்கத்தையும் கேள். குழாயின் வால் வெளியே தொங்கும். வாரம் ஒரு முறை கட்டு மாற்ற வேண்டும். நீச்சல் கிடையாது. குழாயைச் சுற்றி இரத்தம் உறையலாம். சிரை சிறியதாகவும் குழாய் பருமனாகவும் இருந்தால் உறையும் ஆபத்து கூடும். அதனால்தான் சொல்கிறேன், “எனக்கு ஒற்றை வழிக் குழாய் போதாதா? இரட்டை வழி எதற்கு?” என்று கேள். வசதிக்காக இரட்டை வழி போடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. உன் கேள்வி அந்தப் பழக்கத்தை நிறுத்தும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னின்று உருவாக்கிய ஒரு வழிகாட்டி 2015இல் வெளிவந்தது. சாதாரணச் சிரை தாங்கக்கூடிய மருந்தை 5 நாளோ அதற்குக் குறைவாகவோ ஏற்றுவதற்குப் பிக் லைன் பொருத்தமில்லை என்கிறது அது. சிறுநீரகம் பெரிதும் தளர்ந்தவர்களுக்குப் பிக் லைனையே தவிர்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு பிக் லைனும் உள்ளே தழும்பு விடலாம், சிரை குறுகலாம். ஆண்டுக்கு ஒன்று என்றால் ஒரு கணக்கு. ஆண்டுக்கு நான்கு என்றால் அது வேறு கணக்கு.

அங்கேதான் போர்ட் வருகிறது. நம்மூரில் “கீமோ போர்ட்” என்று புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்தே கேள்விப்பட்டிருக்கிறோம். 1970களில் மார்பிலிருந்து குழாய் வெளியே தொங்கும் முறைகள் வந்தன. 1980களில் முழுக்கத் தோலுக்கு அடியில் புதைக்கும் போர்ட் வந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஒரு சிறு அறை. டைட்டானியத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ செய்வார்கள். மேல்மூடி சிலிக்கோன். அதிலிருந்து ஒரு குழாய் பெருஞ்சிரைக்குள் போகும். மருந்து வேண்டும்போது ஹியூபர் ஊசி என்ற தனி ஊசியைத் தோல்வழியே அந்த மூடியில் குத்துவார்கள். சிலிக்கோனைத் துணுக்குத் துணுக்காக வெட்டி எடுக்காமல் நுழையும்படி அதன் முனை வளைந்திருக்கும். ஆயிரம் முறைக்கு மேல் குத்தினாலும் அந்த மூடி தாங்கும். சிகிச்சை நடக்கும்போது ஊசியை வாரம் ஒரு முறை மாற்றுகிறார்கள். சிகிச்சை முடிந்து ஊசியை எடுத்துவிட்டால் வெளியே ஒன்றுமே இல்லை. நீந்து, ஓடு, குளி, பந்தாடு! சில வாரங்களுக்கு ஒரு முறை போய்க் குழாயைக் கழுவிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பல மையங்களில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை செய்கிறார்கள், சில மையங்களில் அதைவிட இடைவெளி விடுகிறார்கள்.

போர்ட்டிலும் ஆபத்து உண்டு. மறைக்கமாட்டேன். வைப்பதற்கும் எடுப்பதற்கும் சிறு அறுவை வேண்டும். தொற்று வந்தால் போர்ட்டையே எடுக்க நேரலாம். உறைகட்டி வரலாம், குழாய் அடைக்கலாம், அபூர்வமாக விரிசல் விடலாம். கழுவிவிட்ட சிறிது நேரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருந்து போகும்போது போர்ட்டைச் சுற்றி எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று யார் சொன்னாலும் பொறுக்காதே!

யாருக்கு எது என்று ஒரே விதி கிடையாது. ஆண்டில் பலமுறை சிகிச்சை வருகிறதா, கையில் சிரை கிடைப்பது அரிதாகிவிட்டதா, அப்போது போர்ட்டைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. எப்போதாவது ஒரு முறை என்றால் மிட்லைனோ பிக் லைனோ போதும். ஆனால் அந்தப் பேச்சை எப்போது தொடங்குவது என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். மூச்சுத் திணறி வந்து படுத்திருக்கும் இரவில் எந்த வழி கிடைக்கிறதோ அதுதான் வழி. அன்றைக்கு மறுத்துப் பேசாதே. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பேசு. நுரையீரல் தெம்பாக இருக்கும்போதுதான் மயக்க மருந்தும் பாதுகாப்பு, அறுவையும் சுலபம். முடிவை நெருக்கடி எடுக்கும்வரை காத்திருக்காதே. நெருக்கடி உன்னைக் கலந்து ஆலோசிக்காது!

போர்ட்டை எங்கே வைப்பது என்பதிலும் உன் சொல் இருக்க வேண்டும். நீ வயலின் வாசிக்கிறவளா? கிரிக்கெட் பந்து வீசுகிறவனா? எந்தத் தோளில் பை மாட்டுகிறாய்? கார் ஓட்டும்போது சீட் பெல்ட் எந்தப் பக்கம் அழுத்துகிறது? உள்ளாடையின் பட்டை எங்கே வருகிறது? சளி எடுக்க மார்பில் தட்டும்போதும், அதிரும் அங்கி போடும்போதும் எந்த இடம் அதிகம் படுகிறது? இவை அற்பக் கேள்விகள் அல்ல. அந்த அறை பல ஆண்டுகள் உன்னோடு இருக்கப் போகிறது. அறுவை மருத்துவருக்கு உன் நுரையீரல் தெரியும். உன் பை எந்தத் தோளில் தொங்கும் என்பது உனக்குத்தான் தெரியும். பேனாவால் குறித்துக் காட்டச் சொல். கண்ணாடி முன் நின்று பார்த்த பிறகு சரி என்று சொல்.

இனி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி அழுதவர்கள் நீங்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். “மார்பில் தழும்பு விழுந்தால் நாளைக்குப் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?” என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கக் கூடாது. வேண்டவே வேண்டாம்! அந்தத் தழும்பு உங்கள் மகள் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதற்கான வழி. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் குடும்பத்துக்கு அவள் வாழ்க்கைப்பட வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, மருத்துவர் பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பத்து, பன்னிரண்டு வயதிலேயே அது பேசிப் பழகட்டும். உலகத்தில் எந்தப் பெற்றோரும் எல்லா அட்மிஷனுக்கும் கூட இருக்க முடியாது.

இந்தியாவில் இந்த நோய் இல்லை என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. இருக்கிறது. ஆஸ்துமா, காசம், சத்துக்குறைவு என்று வேறு பெயர்களில் பல குழந்தைகள் அலைக்கழிகிறார்கள். சரியான பெயர் கிடைப்பதற்குள் கைச் சிரைகளில் பாதி போய்விடுகிறது. இங்குள்ள மருத்துவரிடம் போர்ட் என்று நீ சொன்னால், “அது கேன்சர்காரர்களுக்குத்தானே?” என்று பதில் வரலாம். தளராதே. புற்றுநோய்ப் பிரிவில் தினமும் போர்ட் வைக்கும் கைகள் அதே மருத்துவமனையில் இருக்கலாம். அவர்களையும் உன் நுரையீரல் மருத்துவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கச் சொல். பணம் எவ்வளவு ஆகும், கழுவிவிட மாதாமாதம் எங்கே வர வேண்டும், பயிற்சி பெற்ற நர்ஸ் உன் ஊரில் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள். கவனிக்க ஆளில்லாத ஊரில் போர்ட் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அப்படியானால் இப்போதைக்குப் பிக் லைனே மேல் என்று நீ முடிவெடுக்கலாம். காரணம் தெரிந்து வேண்டாம் என்பதும் உன் அதிகாரம்தான்.

இந்த நோய்க்கென்று 2019 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை பலருடைய வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. தொற்றே குறைந்து, தேவையில்லை என்று போர்ட்டை எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். மகிழ்ச்சி! ஆனால் எல்லா மரபணு மாற்றங்களுக்கும் அது வேலை செய்யாது. எல்லா நாட்டிலும் கிடைக்கவும் இல்லை, கிடைத்தாலும் விலை மலைக்கவைக்கிறது. அந்த மாத்திரை உன் கைக்கு வரும் நாளில் உன் நுரையீரல் அதை வரவேற்கும் நிலையில் இருக்க வேண்டாமா? அதுவரை இந்தக் குழாய்தான் உன் கோட்டையைக் காக்கும்.

குழாய் வந்துவிட்டால் அதன் எஜமானன் நீ. தொடுகிற ஒவ்வொரு கையும் கழுவிய கையாக இருக்க வேண்டும். இணைப்பு முனையை ஸ்பிரிட்டால் குறைந்தது பதினைந்து விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்ட பிறகுதான் ஊசிக்குழலை மாட்ட வேண்டும். பேராசிரியரே வந்து நின்றாலும் இதில் விட்டுக்கொடுக்காதே. கழுவிவிட 10 மில்லி ஊசிக்குழல்தான். சிறியதில் அழுத்தம் கூடிக் குழாய் சேதமாகலாம். ஒரே மூச்சில் தள்ளாமல், தள்ளி நிறுத்தித் தள்ளி நிறுத்திக் கழுவ வேண்டும். டோப்ராமைசின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும்போது, அந்த மருந்து போன குழாயிலிருந்தே எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டலாம். கையிலிருந்து எடுக்கச் சொல். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவினால் தோலை மரக்கச் செய்யும் களிம்பு இருக்கிறது. பெரியவர்கள் அதைக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, கேள்!

அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதே. இன்று இரவே ஒரு தாளை எடு. கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை முறை மருந்து ஏற்றினார்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை குத்து, எந்தக் கையில் எத்தனை பிக் லைன், எதில் வீக்கம் வந்தது என்று எழுது. அதன் கீழே மூன்று கேள்வி எழுது: எனக்கு எந்தப் பாதை, ஏன்? அதன் ஆபத்து என்ன? அதைக் கவனிக்க என் ஊரில் யார்? நாளைக் காலை மருத்துவமனைக்குப் போன் செய்து, இதைப் பேசுவதற்கென்றே தனியாக நேரம் கேட்டு வாங்கு. அந்தத் தாளை மேசையில் வைத்து, பதில் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே!